இல்லை என்று காட்டிய பெயர்

புயலுக்கு மறுநாள் மாலை அக்கா போன் செய்து, மாமாவின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். எனக்குத் தெரியாத பெயரா? ஆனாலும் கரை சேர்ந்தவர்களைத் தேடும் இணையப் பக்கத்தில் அவள் சொன்னபடியே தட்டினேன். தேடல் முடிந்து திரையில் ‘இல்லை’ என்று வந்தது.

அக்காவின் கணவரைத்தான் மாமா என்கிறேன். நாகப்பட்டினம் பக்கம் கடல் தொழில். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நான் தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படித்த காலத்தில், மாதம் ஒருமுறை கருவாட்டுப் பையோடு பஸ் ஏறி வந்துவிடுவார். விடுதிக் காப்பாளர் வாசனையை வைத்தே என் அறையைக் கண்டுபிடிப்பார். ஒருமுறை என் லேப்டாப்பில் அவர் பெயரைத் தமிழில் அடித்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பரவால்லயே, இதுக்கு என்னையத் தெரிஞ்சிருக்கே” என்றார்.

புயலில் திசை மாறிய படகுகள் எங்கெங்கோ கரை ஒதுங்கின. மாமா போன படகும் ஊர் திரும்பவில்லை. துறைமுகங்களும் மருத்துவமனைகளும் அனுப்பிய பெயர்ப் பட்டியல்களை ஒன்றாகச் சேர்த்துத் தேட ஒரு பக்கம் வேண்டும் என்று தன்னார்வலர்கள் கேட்டார்கள். எங்கள் அலுவலகம் சின்னது. அதற்கான நிரலை நானே ஒரு மதியத்தில் ஜாவா என்ற கணினி மொழியில் எழுதிக் கொடுத்தேன். அன்று மாலைதான் அக்காவின் போன் வந்தது. மறுநாள் காலையிலும் கூப்பிட்டாள். அப்போதும் ‘இல்லை’தான். “எத்தன தடவக்கா பாக்கறது? வந்தா நானே சொல்ல மாட்டனா?” என்று சிடுசிடுத்தேன். பட்டியலில் ஒருமுறை கண்ணை ஓட்டியிருந்தால் போதும். அது எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்கும் மறுநாள் காலை, பேராவூரணிக்கும் தெற்கே கடற்கரை ஊர் ஒன்றின் மருத்துவமனைச் சுவரில் மாமாவின் பெயரைப் பார்த்ததாக அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். வேன் பிடித்துப் போய்ச் சேர மதியமாகிவிட்டது. காலை ஒன்பது மணிக்கே மாமா இறந்திருந்தார். “பேரு மட்டும்தாங்க தெளிவா சொன்னாரு. கொண்டாந்த அன்னிக்கே லிஸ்ட்டு அனுப்பிட்டமே” என்றார் நர்ஸ். கொஞ்சம் தயங்கி, “கண்ணு முழிச்சப்பல்லாம் வாசலையே பாத்தாரு” என்றும் சொன்னார். அக்கா ஒரு தூணைப் பிடித்தபடி நின்றாள். எனக்கு அழுகை வரவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் போட்டேன்.

காரியம் முடிந்து அலுவலகம் திரும்பியதும் அந்த நிரலைத் திறந்தேன். தமிழில் ‘கோ’ என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாக வைத்துக்கொள்ளும். ஓகாரக் குறி முழுதாக ஒரே துண்டாக இருக்கலாம். இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு துண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலுக்கு இரண்டும் வேறு வேறு. மாமாவின் பெயர் அந்த எழுத்தில்தான் தொடங்கும். மருத்துவமனையில் யாரோ துண்டாக அடித்திருந்தார்கள்.

இது எனக்குத் தெரியாததல்ல. பட்டியலில் உள்ள பெயர்களை ஒரே வடிவத்துக்கு மாற்றும் வரியை எழுதியும் இருந்தேன். ஆனால் ஜாவாவில் ஒரு ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துக் கோவையை, உருவாக்கிய பிறகு மாற்ற முடியாது. மாற்றச் சொன்னால், மாற்றிய வடிவத்தைப் புதிதாகச் செய்து தரும். அதை வாங்கி வைக்காவிட்டால் பழையதே அப்படியே இருக்கும். நான் வாங்கி வைக்கவில்லை. முதல் வருட மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். அந்த வரியின் தொடக்கத்தில் ஒரு சொல்லும் ஒரு சமக்குறியும் சேர்த்துவிட்டு மறுபடி தேடினேன். பெயர், உத்தேச வயது, வார்டு எல்லாம் வந்தன. எழுந்து போய் டீ குடித்தேன். அதில் சர்க்கரை இருந்ததா என்று நினைவில்லை.

நாற்பது நாள் கழித்து என் தவறை அக்காவிடம் சொன்னேன். காட்டச் சொன்னாள். இரண்டு பெயர்களையும் மேலும் கீழுமாக வைத்துக் காட்டினேன்.

“ரெண்டும் ஒரே பேருதானே தம்பி?”

“ஆமாக்கா.”

“அப்பறம் ஏன் இல்லன்னுச்சு?”

கொம்பு, கால் என்று ஆரம்பித்தேன். பாதியில் அவள் எழுந்து துணி எடுக்கக் கொல்லைப்புறம் போய்விட்டாள். பிறகு ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. திட்டியிருந்தால்கூட ஏதாவது உறைத்திருக்கும். நான் வேலையை விடவில்லை. இன்றும் அதே நாற்காலியில் பெயர்களை வெட்டி, ஒட்டி, ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் அக்கா போன் செய்தாள். தெருவில் ஒரு பெண்ணுக்கு வாக்காளர் பட்டியலில் பெயரைக் காணோமாம். அந்தப் பெண்ணிடம் என்னைப் பற்றி, “அவன் பாத்துச் சொல்லுவான்” என்று அக்கா சொல்வது போனில் கேட்டது. பெயரைச் சொன்னாள். போனை வைப்பதற்கு முன், குரலைத் தாழ்த்தி, “ரெண்டு தடவ பாரு தம்பி” என்றாள்.

சரிக்கா என்றேன்.