எடுக்கச் சொன்ன புள்ளி

இலங்கையில் யுத்தம் முடிந்த வருடம் அது. சாய்ந்தமருதிலிருந்து தினமும் பஸ்ஸில் கம்பஸுக்குப் போய், கணிதப் பட்டத்தின் கடைசி வருட ஆய்வைச் செய்துகொண்டிருந்தேன்.

நம் கிழக்குக் கரையில் யார் யாரோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள் என்பதே என் தலைப்பு. ஒவ்வொரு ஆய்வாளருக்கும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் நடுவில் ஒரு கோடு. இப்படி வரும் வலையைப் படிப்பதற்குக் கணிதத்தில் வரைபுக் கோட்பாடு என்று ஒரு துறையே இருக்கிறது.

வரைந்து முடித்தபோது இரண்டு கொத்துகள் தெரிந்தன. ஒன்றில் முஸ்லிம்கள், மற்றதில் தமிழர்கள். பக்கத்து ஊருக்குப் போகவே பயந்த காலத்தில் வேறெப்படி இருக்கும்? ஆனால் இரண்டையும் ஒரேயொரு புள்ளி இணைத்தது. கல்முனையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த தமிழ்ப் பெண் அவர், விரிவுரையாளர். கிணற்றுத் தண்ணீர் உப்பாவதைப் பற்றி இரு பக்கத்தாரோடும் எழுதியவர். சுனாமியில் இறந்துபோனார். நான் அவரைக் கண்டதேயில்லை.

படத்தைப் பார்த்த என் மேற்பார்வையாளர், "இப்ப இல்லாத ஆக்கள எடுத்துப் போடுங்க" என்றார்.

"எடுத்தா வலை ரெண்டாப் பிரியும், சேர்."

"பிரியட்டும். அதுதான் இண்டைய நிலைமை. எடுக்காட்டி மாக்ஸ் குறையும்."

வீட்டில் உம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "பட்டம் முக்கியம் மகள். சேர் சொன்னதச் செய்" என்றார்.

அதே சுனாமியில்தான் உம்மாவின் மூத்த மகளான என் ராத்தாவும் போனார். "நம்மட ராத்தாவ ஆராவது கணக்குல எடுக்க வேணாமெண்டா உடுவீங்களா, உம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

உம்மாவின் கை நின்றது. பிறகு, "எத்தின புள்ளயள் எண்டு கேட்டா, நான் இன்னும் மூணு எண்டுதான் சொல்றன்" என்றார். "போய் உன்ட நியாயத்தக் கதை."

ஆய்வின் நேர்முகத் தேர்வில் அந்த விரிவுரையாளர் உள்ள படத்தையும் அவரை எடுத்துவிட்ட படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளரும் அதையேதான் கேட்டார்: இறந்தவர் எதற்கு?

"அவ இல்லாத படம் இண்டைக்கு உள்ள நிலைமை, சேர். அவ உள்ள படம், நாங்க சேர்ந்தும் வேலை செஞ்சிருக்கம் எண்டதுக்குச் சாட்சி. ஒண்ட மட்டும் வைக்கச் சொன்னா நான் வைக்க மாட்டன்."

அவர் உள்ள படத்தில் வைத்த கையை எடுக்கவில்லை. தேர்வாளர் எதையோ எழுதிக்கொண்டு, போகலாம் என்றார்.

வெளியே வந்தபோது, பின்வரிசையில் இருந்து கேட்ட, தமிழரான விரிவுரையாளர் ஒருவர் வந்தார். "அவவிட்டதான் நான் படிச்சன்" என்றார். "அவவோட கிணத்துத் தண்ணி வேலை செஞ்ச மருதமுனை முஸ்லிம் ஆள் இப்ப எங்க இருக்கார்?" நம்பரைத் தேடிக் கொடுத்தேன்.

எனக்கு முதல் வகுப்பு கிடைக்கவில்லை. அடுத்த வருடம் அந்தத் தமிழரும் மருதமுனைக்காரரும் சேர்ந்து எழுதிய கட்டுரை வந்தது. இன்று நானும் கற்பிக்கிறேன். ஒருவர் இறந்துவிட்டார் என்பதற்காக அவர் உண்டாக்கிய உறவையும் இல்லையென்று ஆக்க யாருக்கும் உரிமையில்லை. அதை எத்தனை பெரிய சபையிலும் சொல்வேன், எத்தனை மாக்ஸ் குறைந்தாலும்.