அக்கா திரும்ப வாங்கிய கிராஸ்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் போடியில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்த வண்டிதான், ஆனால் எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்தது. காலையில் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை ராசிங்காபுரத்தில் ஏற்றிக்கொண்டு, முந்தல் வழியாகப் போடிமெட்டு ஏறி, பூப்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் இறக்கிவிடுவேன். சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவேன். எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் பதினான்கு பேர் இருப்பார்கள். அதை அன்று யாரும் தப்பாக நினைக்கவில்லை, நான் உட்பட.

ஓர் ஐப்பசி மாதக் காலை. முந்தல் தாண்டி ஏழெட்டு வளைவு ஏறியிருப்போம். வண்டிக்கு அடியில் டமார் என்று ஒரு சத்தம். என்ஜின் வீறிட்டது, வண்டி மட்டும் நகரவில்லை. அடுத்த நொடி பின்னால் உருளத் தொடங்கியது. கைப்பிரேக்கை இழுத்தேன். பிடிக்கவில்லை. அந்தக் கால ஜீப்பில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. என்ஜின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீண்ட இரும்புத் தண்டைத்தான் பிடிக்கும். அந்தத் தண்டே அறுந்துவிட்டால் கைப்பிரேக்கும் போச்சு. கால்பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு, "எறங்குங்க, கல்லு வைங்க" என்று கத்தினேன். பெண்கள் குதித்தார்கள். இரண்டு பேர் பாறைத் துண்டுகளை உருட்டிவந்து சக்கரத்துக்குப் பின்னால் வைத்தார்கள். வண்டி நின்றபோது பின்பக்கம் பள்ளத்துக்கு நான்கு முழம் இருந்தது.

அவர்களை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு அடியில் நுழைந்து பார்த்தேன். தண்டின் முனையில் கூட்டல் குறி போல ஒரு துண்டு இருக்கும். கிராஸ் என்போம். அது இரண்டாக உடைந்து கிடந்தது. மாட்டி இருபது நாள்கூட ஆகவில்லை. தண்டைக் கழற்றி வண்டிக்குள் போட்டு, முன்சக்கர கியரை மட்டும் வைத்து மெதுவாகப் போடிக்கு இறங்கினேன். ஊருக்குள் வந்ததும் கோபம் வந்தது. நேரே கிராஸ் வாங்கிய கடைக்குப் போனேன்.

அந்த ஸ்பேர்பார்ட்ஸ் கடையை நடத்தியது ஒரு பெண். அவருடைய அப்பா வைத்திருந்த கடை. அப்பா காலமான பிறகு இவர் எடுத்துக்கொண்டார். அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். டிரைவர்கள் எல்லோருக்கும் அக்கா. உடைந்த துண்டுகளை அவர் முன்னால் மேசையில் போட்டேன்.

"பதினாலு உசுரு போயிருக்கும். என்ன சாமான் விக்கிறீங்க?" என்றேன். அதற்கு மேலும் சொன்னேன். அதை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அக்கா துண்டை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்தார். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு அதே பெட்டியில் விற்காமல் இருந்த மூன்றில் ஒன்றையும், வழக்கமாக விற்கும் பழைய கம்பெனிக் கிராஸ் ஒன்றையும் எடுத்துக்கொண்டு பக்கத்து லேத் பட்டறைக்கு நடந்தார். நானும் போனேன்.

பட்டறைக்காரர் பழைய கம்பெனிச் சாமானை மேசையில் பொருத்திய இடுக்கியில் இறுக்கி, சம்மட்டியால் ஓங்கி அடித்தார். கொஞ்சம் வளைந்தது. புதியதை வைத்து அதே அடி அடித்தார். சட்டென்று முறிந்து தரையில் தெறித்தது.

"சூட்டுப் பதம் தப்பிருச்சும்மா. பீங்கான் கணக்கா இருக்கு" என்றார் அவர்.

அக்கா தரையில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டார். பிறகு விரல் மடக்கிச் சொன்னார்: "பெட்டியில பத்து. மூணு கடையில இருந்துச்சு. ஒண்ணு தம்பிக்கு. மிச்சம் ஆறு வண்டியில ஓடுது." எந்த ஆறு வண்டி என்றும் சொன்னார். பச்சை ஜீப், தேவாரத்துக்காரர் வண்டி, படுதா கிழிந்த வண்டி என்று ஒவ்வொன்றாக. வாங்கியவர்கள் முகமெல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது.

கடையைப் பூட்டினார். ஜீப்புகள் நிற்கும் இடத்துக்குப் போய், அங்கிருந்த மூன்று வண்டிகளையும் நகர விடாமல் நிறுத்தினார். "நான் குடுத்த கிராஸ் சரியில்ல. கழட்டி மாத்திட்டுப் போங்க. சாமானும் கூலியும் என் பொறுப்பு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஒரு வியாபாரி தன் சரக்கைத் தானே இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சிலமலைக்கும் தேவாரத்துக்கும் பஸ் கண்டக்டரிடம் ஆள்விவரம் சொல்லி அனுப்பினார். உச்சி வேளைக்குள் அந்த இரண்டு வண்டிகளும் வந்துவிட்டன.

ஒன்று மட்டும் பாக்கி. அது மலைமேல் இருந்தது. நாலு மணிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு இறங்கும்.

அதற்குள் பட்டறைக்காரர் என் வண்டியில் நல்ல கிராஸ் ஒன்றை மாட்டியிருந்தார். அக்கா ஒரு துணிப்பையில் இன்னொரு கிராஸையும் ஸ்பேனர்களையும் போட்டுக்கொண்டு வந்து முன்சீட்டில் ஏறினார். "வெரசாப் போ தம்பி. ஆனா பாத்துப் போ."

காலையில் உடைந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். இறங்கி ஓரத்தில் நின்று கீழே பார்த்தார். வெகு ஆழத்தில் முந்தல் தென்னந்தோப்புகள் தெரிந்தன.

"இங்கயா?"

"ஆமாக்கா."

ஏறி உட்கார்ந்தவர் மெட்டு வரும்வரை பையை மடியில் அணைத்துப் பிடித்திருந்தார்.

மெட்டில் டீக்கடை ஓரம் அந்த ஜீப் நின்றது. பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் எங்களுக்கெல்லாம் மூத்தவர், முன்கோபி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மூணு வாரமா ஓடுது, ஒண்ணும் ஆகல. கீழ போயிப் பாத்துக்கிருவோம். எனக்குச் சோலி கெடக்கு" என்றார்.

"அண்ணே, தெரியாமக் குடுத்தேன். இப்பத் தெரிஞ்சிருச்சு. தெரிஞ்ச பெறகும் உங்கள எறங்க விட்டா நான் மனுசி இல்ல."

அவர் சாவியைத் திருகினார். அக்கா அவரோடு மேலும் வாதாடவில்லை. வண்டியின் பின்பக்கம் போய், காலையில் எங்களுக்கு நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் அந்தப் பெண்களிடம் சொன்னார். ஒரு வயதான அம்மா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு முதலில் இறங்கினார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்லப்பு" என்றார் டிரைவரிடம். அவர் பின்னால் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். காலி வண்டியில் டிரைவர் ஒரு பீடி முடியும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு அவரே ஸ்பேனரை வாங்கிக்கொண்டு அடியில் படுத்தார்.

கழற்றிய கிராஸ் பார்வைக்குப் புதிதாகத்தான் இருந்தது. "இதுக்கா இம்புட்டு அலப்பறை?" என்று அதை அக்கா கையில் கொடுத்துவிட்டு, புதியதை மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் பட்டறைக்காரர் ஆறு கிராஸ்களையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, துடைத்து, சாக்பீஸ் பொடியைப் பூசி வைத்தார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் கசிந்து பொடியில் கோடு விழும். இரண்டில் கோடு விழுந்தது. அதில் ஒன்று மெட்டில் கழற்றியது. நான் போய் அந்த மூத்த டிரைவரிடம் சொன்னேன். அவர் அடுத்த வாரம் அக்கா கடையில் ஒரு பாட்டில் பிரேக் ஆயில் வாங்கினார். அவரிடம் வீட்டில் ஒன்று ஏற்கெனவே இருந்தது எனக்குத் தெரியும்.

அக்கா துண்டுகளை எடுத்துக்கொண்டு மதுரைக்கு, பெட்டியை அனுப்பிய மொத்த வியாபாரியிடம் போனார். மலையில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றினால் எதுதான் உடையாது என்றாராம் அவர். அது பொய்யில்லை. அக்கா மறுக்கவில்லை. கடையில் மீந்த இரண்டில் ஒன்றை அவருடைய இடுக்கியிலேயே வைத்து அடிக்கச் சொன்னார். முறிந்து விழுந்ததைப் பார்த்த பிறகுதான் அவர் கம்பெனிக்கு எழுதினார்.

கம்பெனி பதில் எழுத இரண்டு மாதம் ஆனது. அந்தத் தொகுதியில் செய்த கிராஸ்களைத் திருப்பி அனுப்பும்படி எல்லாக் கடைகளுக்கும் தாள் வந்தது. இன்று கம்பெனிகளே வண்டிகளைத் திரும்பக் கூப்பிடுவது பேப்பரில் வருகிறது. அன்று நான் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. அக்கா கேள்விப்படாமலே செய்திருந்தார்.

தாள் வரும்வரை அவர் சும்மா இருக்கவுமில்லை. மதுரையிலிருந்து வந்த அன்றே தேனி, கம்பம், குமுளி என்று தெரிந்த கடைகளுக்கெல்லாம் கார்டு எழுதிப் போட்டார். சிலர் பதில் போடவில்லை. கம்பத்துக் கடைக்காரர் ஒருவர் மட்டும், தனக்கு வந்த பத்துக் கிராஸ் பெட்டியைப் பிரிக்காமல் ஒதுக்கி வைத்துவிட்டதாக எழுதியிருந்தார். நான் கடையில் நிற்கும்போதுதான் அந்தக் கார்டு வந்தது. அக்கா அதை இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"பத்து வண்டி தம்பி" என்றார். முகம் தெளிந்திருந்தது. பிறகு, எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.