வெள்ளையாய் முளைத்த நாற்றுகள்

தட்... தட்... தட்.

உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. எவர்சில்வர் தட்டின் முதுகில் கரண்டியால் அடிக்கிற சத்தம். அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த முத்துமாரி, ஒவ்வொரு அடிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மகள் திரும்பினாளா என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"ஏளா, இங்கன வா. இப்ப கழுத்த அசைச்சா பாத்துக்கோ" என்று கூப்பிட்டான் அவள் புருஷன் மகாராஜா.

எட்டிப் பார்த்தாள். ஆறு வயது மகள் சங்கரி அப்பாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். காதுக்குப் பக்கத்தில் தட்டை வைத்து மகாராஜா இன்னொரு தடவை ஓங்கி அடித்தான். குழந்தை பிடரியைத் தடவிவிட்டு மறுபடி சீப்பை எடுத்தது.

"காத்து பட்டுருக்கும் மாமா."

"காத்தாவது கீத்தாவது. நானே அஞ்சு வயசு முடிஞ்சுதான் வாயத் தொறந்தேன். என் ரத்தம்ளா அது. கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான்."

இதே வார்த்தையைத்தான் நான்கு வருஷமாக அவன் சொல்கிறான். முத்துமாரியும் நம்பினாள். நம்பாமல் எப்படி இருப்பாள்? அவன் அவளுக்குப் புருஷன் மட்டுமா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. ஏரல் பக்கத்து நெல்வயல் கிராமத்தில் அவளைத் தோளில் தூக்கித் திரிந்த தாய்மாமன். வெளியிலிருந்து இரண்டு மாப்பிள்ளை வந்தபோதும், கட்டினால் மாமாவைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்ட வந்தான். மாப்பிள்ளையூரணியில் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். அவளுக்கும் பக்கத்துத் தீவன ஆராய்ச்சிப் பண்ணையில் தினக்கூலி வேலை கிடைத்தது.

உப்புக்காற்று அடிக்கிற மண்ணில் ஆடுமாடுகளுக்கு எந்தத் தீவனம் நின்று வளரும் என்று பார்க்கிற பண்ணை அது. வேம்பார் பக்கம் மேய்கிற வெள்ளாடுகள் எதை விரும்பித் தின்கின்றன, எதை முகர்ந்துவிட்டு ஒதுக்குகின்றன என்றுகூட எழுதி வைப்பார்கள். தீவனக் கம்புப் பயிரில் கதிர் வெளியே வந்ததும், பூப்பதற்குள் ஒவ்வொன்றுக்கும் காகித உறை மாட்டி, ஊசி குத்தி, எண் எழுதுவது முத்துமாரியின் வேலை. அயல் செடியின் மகரந்தம் படக்கூடாது. தன் பூவுக்குத் தன் மகரந்தம்தான். அப்படியே தலைமுறை தலைமுறையாய்.

பண்ணையின் விஞ்ஞானி சுப்ரஜா. ஆழ்வார்திருநகரிக் கோயில் தெருவில் பிறந்தவள், நாற்பதை நெருங்கியவள், அதட்டத் தெரியாதவள். சாப்பாட்டு வேளையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கதை மாதிரிச் சொல்வாள். அந்தக் காலத்தில் அப்பன்தான் விதை, அம்மா வெறும் மண் என்று நம்பினார்களாம். பிறகு, பாலும் தண்ணீரும் போல இரண்டு ரத்தமும் கலந்துவிடுகிறது என்றார்களாம். கடைசியில் எங்கோ வெளிநாட்டு மடத்தில் ஒரு பாதிரியார் பட்டாணிச் செடிகளை எண்ணி எண்ணிப் பார்த்தாராம். எதுவும் கலந்து அழிவதில்லை; ஒளிந்திருக்கும், இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தால் வெளியே தெரியும் என்று கண்டுபிடித்தாராம்.

"பாதிரியாருக்கு ஏது பிள்ள குட்டி? அவருக்கு எப்படி இதெல்லாம் தெரிஞ்சுது?" என்று கூட வேலை செய்யும் இன்பமணி கேட்பாள். "பெத்தவளுக்கு எண்ண எங்க நேரம் இருக்கு" என்று சுப்ரஜா சொல்வாள். முத்துமாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

பதினேழாம் வரிசையில்தான் அந்த வெள்ளை நாற்றுகள் வந்தன. உறை போட்டு எடுத்த விதையை ஊன்றினால் பச்சையோடு பச்சையாக, பால் நிறத்தில் சில முளைகள். பார்க்க அழகாக இருக்கும். பத்து நாள்கூட நிற்காது. எத்தனை பச்சை, எத்தனை வெள்ளை என்று குனிந்து குனிந்து எண்ணி எழுதியவள் முத்துமாரி. நாலுக்கு ஒன்று. ஒவ்வொரு பாத்தியிலும் ஏறக்குறைய அதே கணக்கு. எண்ணிவிட்டுக் கையைக் கழுவி வீட்டுக்கு வந்துவிடுவாள். வயலில் பார்த்ததை வாசற்படிக்கு இந்தப்பக்கம் கொண்டுவர வேண்டும் என்று அந்தப் பேதைக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

போன செவ்வாய்க்கிழமைதான், புருஷனுக்குத் தெரியாமல் சங்கரியைக் காது டாக்டரிடம் தூக்கிப் போனாள். பிள்ளைக்கு இரண்டு காதும் பிறவியிலேயே கேட்காது என்றார் டாக்டர்.

"மூணு வயசுக்குள்ள வந்திருந்தா மெஷின் வெச்சுப் பேச வெச்சிருக்கலாம்மா. இனிமே பேச்சு வர்றது ரொம்பக் கஷ்டம்" என்றார். பிறகு எழுதிக்கொண்டே, "சொந்தத்துலயா கல்யாணம்?" என்று கேட்டார்.

"தாய்மாமன்" என்றாள். சொல்லும்போதே அவள் கண்ணுக்கு முன்னால் பதினேழாம் வரிசை நின்றது.

வியாழக்கிழமை காலை, யாரும் வருவதற்கு முன்னால் பண்ணைக்குப் போனாள். பதினேழாம் வரிசையில் மாட்டிய உறைகளை ஒன்றுவிடாமல் பிய்த்து எறிந்தாள். காற்றுப் படட்டும், எந்தச் செடியின் பூந்தூள் வந்தாலும் வரட்டும் என்று வாய்விட்டு அழுதபடி கடைசிக் கதிர் வரை போனாள். சுப்ரஜாவின் ஆறு வருஷத்து உழைப்பு அது. அதன் பிறகு வேலைக்கே போகவில்லை.

இப்போது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். குரல் யாருடையது என்று முத்துமாரிக்குக் கேட்காமலே தெரிந்தது. மகாராஜா தட்டை வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தான். சுப்ரஜா உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"உறையெல்லாம் நீதான் கழட்டினியாமே. இன்பமணி வேலைக்கு வரும்போது பார்த்தாளாம்" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் முத்துமாரியைக் கொன்றது.

"ஆமா மேடம். என்னைய நிப்பாட்டிருங்க."

"நிப்பாட்டவா ஞாயித்துக்கிழமை வருவேன்? ஏன்னு கேட்க வந்தேன்."

முத்துமாரி உள்ளறையைக் காட்டினாள். டாக்டர் சொன்னது அத்தனையும் சொன்னாள். கேட்கக் கேட்க மகாராஜாவின் முகம் கறுத்தது.

"எங்கிட்ட கேக்காம யாருளா உன்ன போகச் சொன்னா? என் மக பேசுவா. நான் பேசலியா?"

"நீங்க பிந்திப் பேசினீங்க மகாராஜா. ஆனா உங்களுக்குக் காது கேட்டது. குழந்தைக்கு அது இல்லை" என்றாள் சுப்ரஜா.

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் முத்துமாரி சுப்ரஜாவின் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. ரெண்டு மாசம் ஆவுது. மாமாட்ட கூடச் சொல்லல. இதுவும் அப்படித்தானா?"

மகாராஜா அப்படியே சுவரில் சாய்ந்தான்.

சுப்ரஜா நாற்காலியிலிருந்து முன்னால் குனிந்தாள். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தும் இருக்கும்.

"நாலுக்கு ஒண்ணு" என்று முத்துமாரியே சொன்னாள். "நான்தானே மேடம் எண்ணினேன்."

"ரெண்டு பேர்கிட்டயும் அது ஒளிஞ்சிருந்து வந்திருந்தா அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் அதே கணக்கு. ரத்தம் எடுத்துப் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். மூணு பங்கு நல்லபடியா இருக்கவும் வழி இருக்கு, அதையும் சேர்த்து எண்ணு." சுப்ரஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பிறந்த வாரமே காதைப் பார்த்துட்டா, இதுக்கு நேரம் இருக்கு முத்துமாரி."

"அப்ப எங்க அக்கா மகள நான் கட்டுனது தப்புங்கீயளா?" மகாராஜா கேட்டான். கோபமாகத்தான் ஆரம்பித்தான், முடிக்கும்போது அழுகை முட்டிக்கொண்டு நின்றது. "தோள்ல போட்டு வளத்த பிள்ள மேடம் இவ. இவள விட்டா நான் வேற யாரக் கட்டுவேன்?"

"தப்புன்னு சொல்ல நான் யாரு? தெரிஞ்ச பிறகு பார்க்காம இருந்துடாதேங்கோ. அவ்வளவுதான்."

"போதும் மேடம். கெளம்புங்க."

சுப்ரஜா எழுந்தாள். வாசல்படியில் செருப்பை மாட்டும்போது, "நாளைக்குக் காலைல பெரியாஸ்பத்திரி வாசல்ல நிக்கறேன். டாக்டர்கிட்ட நான் பேசறேன்" என்று முத்துமாரியிடம் மட்டும் சொன்னாள்.

முத்துமாரி புருஷனைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து மாமன் சொல்லை அவள் தட்டியதில்லை. அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"வாரேன் மேடம்" என்றாள். "சங்கரியையும் கூட்டிட்டு வாரேன். சைகையில பாடம் சொல்லிக்குடுக்குற பள்ளிக்கூடம் எங்க இருக்குன்னும் கேக்கணும்."

சுப்ரஜா தலையசைத்துவிட்டுத் தெருவில் இறங்கினாள். நிலக்கரி லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ் நிறுத்தத்தின் பக்கம் திரும்புகிற வரையில் முத்துமாரி பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்குப் பின்னாலிருந்து மகாராஜாவின் கை நீண்டு வந்து கதவைச் சாத்தியது.