பூஞ்சணம் பிடித்த மேப்பிள் பாணி

அம்மாவின் செத்தவீட்டுக்கு நான் போகாததால் ரொறன்ரோவிலிருக்கும் அண்ணை மூன்று வருடங்களாக என்னோடு பேசவில்லை. நான் இன்னொரு நாட்டில், டூட்டிங்கில் ஓர் அறையில் தனியாக இருந்தேன். ஒருநாள் அவர் அனுப்பிய மேப்பிள் மரத்து இனிப்புப் பாணிப் போத்தல் தபாலில் வந்தது. நன்றி சொல்லக்கூட எனக்குத் துணிவு வரவில்லை. தேனைப் போலக் கெடாது என்று நினைத்து, ஒரு கரண்டி ருசித்துவிட்டு அலுமாரியில் வைத்தேன். இரண்டு மாதத்தில் பூஞ்சணம் படர்ந்துவிட்டது. அழுதுகொண்டே அவருக்குப் போன் எடுத்தேன்.

“அண்ணை, நீங்கள் அனுப்பின பாணி பழுதாப்போச்சு.”

“திறந்தால் பிரிட்ஜுக்குள்ள வைக்கவேணும், தங்கச்சி. அதை ஊத்திவிடு, வேற அனுப்பிறன்,” என்றவர், “நீ சாப்பிட்டியோ?” என்று கேட்டார்.

நல்ல செய்தியோடுதான் அவரிடம் போகவேண்டும் என்று இத்தனை காலம் காத்திருந்தது என் பிழை.