தொண்ணூற்றெட்டு வீதம் வென்ற ஜனாதிபதியாக நான்

கனடாவில் பிறம்ரன் நகர வெயர்ஹவுசில் போர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வுபெற்ற என்னை ஒரே நாளில் ஜனாதிபதியாக்கியவர் சுகந்தி. ராஜதந்திர வேலைக்குப் போகிறவர்களைப் பழக்கும் நிலையமொன்றில் அவர்தான் பொறுப்பாளர். என் வேலைக்குப் பெயர் ‘ரோல் பிளேயர்’. இல்லாத ஒரு நாட்டின் ஜனாதிபதியாக உட்கார்ந்து, அணுகுண்டைப் பற்றிப் பேச வருகிறவர்களைப் படாத பாடு படுத்த வேண்டும்.

முதல் நாளே ஒரு தாள் தந்தார். ‘தேர்தலில் தொண்ணூற்றெட்டு வீத வாக்கு எடுத்தவர் நீங்கள். வாழ்த்தினால் இன்னும் கேளுங்கள். கள்ளத் தேர்தல் என்றால் எழும்பிப் போங்கள். நாலு மணி வரை எதற்கும் இணங்கக் கூடாது.’

முதலில் வந்தவர் வாழ்த்தினார். அரசமுறை விருந்தும் வேண்டும் என்றேன். இரண்டாமவர் கள்ளத் தேர்தல் என்றார். கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். கோபம் எனக்கு நடிக்காமலே வரும்.

மூன்றாவது தர்சினி, பிக்கரிங்கில் வளர்ந்த பிள்ளை. இந்தப் பரீட்சையில் ஏற்கெனவே இரண்டு தரம் தவறியவர். இந்த முறையும் தவறினால் ராஜதந்திர வேலை இல்லை. பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது.

“முதலில் என்னைத் தெரிவுசெய்த மக்களை மதியுங்கள்” என்றேன்.

“உங்கள் தேர்தலை வாழ்த்தவும் வரவில்லை, விசாரிக்கவும் வரவில்லை. குண்டுக் கிடங்குப் பூட்டைத் திறக்கும் திறப்பு உங்களிடம் இருக்கிறது. அதனால் உங்களுடன் பேசுகிறேன்.”

“என் வெற்றியை நம்பாத நீங்கள் என் கையெழுத்தை எப்படி நம்புவீர்கள்?”

“நம்பவில்லை. அதனால்தான் பரிசோதகர்களை உள்ளே விடச் சொல்கிறேன்.”

தாளில் இதற்குப் பதில் இல்லை. பேனையை எடுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டேன். அப்போது மணி பதினொன்றரை.

சுகந்தி ஓடி வந்தார். “அண்ணை, என்ன வேலை பாத்தனீங்கள்? நாலு மணி வரைக்கும் மசியக் கூடாதெண்டு எழுதித் தந்தனானெல்லே! தமிழ்ப் பிள்ளையெண்டு விட்டுக்குடுத்ததெண்டு சொல்லுவினம். இதுக்கு நான் பாஸ் போடேலாது.”

தர்சினியின் முகம் வாடிவிட்டது. எனக்கு உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

“சுகந்தி, பதினொரு வருசமா எங்கட பழைய மாணவர் சங்கத்துக்கு நான்தான் தலைவர். ஒவ்வொரு முறையும் ஏகமனதாத் தெரிவு.”

“அதுக்கென்ன இப்ப?”

“தலைவர் தெரிவைச் சாப்பாட்டுக்கு முன்னுக்குப் போடுறது நான்தான். சனம் பசியோட இருக்கும். கொத்துரொட்டி வந்து மணக்கும். அந்த நேரம் ஆரும் வேற பேர் சொன்னா முழு ஹோலும் அவரை முறைச்சுப் பாக்கும். இங்க வந்து வாழ்த்தினவரையும் சமாளிச்சனான், ஏசினவரையும் சமாளிச்சனான். ரெண்டும் எனக்குச் சுகம், கதை என்னைப் பற்றியே நிக்கும். இந்தப் பிள்ளை கதையைத் திறப்பில கொண்டுவந்து நிப்பாட்டிப்போட்டுது. உண்மையான ஜனாதிபதியும் முழிச்சிருப்பான்.”

சுகந்தி சிரித்து முடிக்க நேரம் எடுத்தது. “இப்ப சொன்னதை அப்பிடியே எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ. பாஸ் போடுறன்.”

கை கூசக் கூச எழுதிக் கொடுத்தேன்.

போகும்போது தர்சினி கேட்டார்: “தாங்க்ஸ் அங்கிள். பட் சீரியஸ்லி, உங்கட நெக்ஸ்ட் எலெக்‌ஷனுக்கு நான் ஒப்சேவரா வரட்டா?”

“வாங்கோ பிள்ளை.” வேறு என்ன சொல்வது?

இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்குச் சொல்வது இதுதான். எதிரே இருப்பவர் அந்தக் கதிரைக்கு எப்படி வந்தார் என்பதை மறக்காதீர்கள். அதிலேயே நின்று மினக்கெடாமல் திறப்பைக் கேளுங்கள்.

தர்சினி சொன்னபடி தேர்தலைக் கண்காணிக்க வந்தார். அந்த வருடம் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு வாக்கெடுப்பு வைத்தேன். தோற்றது சுட்டதுதான், பொய் சொல்லமாட்டேன். இப்போது சங்கத்தில் எனக்குக் கதிரை அடுக்குகிற பொறுப்பு.