கடைசிச் சீவல்

மின்விசிறியை அணைத்த பிறகுதான் மெழுகம்மா கத்தி முன்னால் உட்காருவார். மெழுகுக் கட்டிக்குள் நோயாளியிடமிருந்து எடுத்த, நகத்துணுக்கு அளவு சதை. அதைத் தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டில் ஏந்த வேண்டும். மூச்சுப் பட்டாலே சுருண்டுகொள்ளும். "ஆடாம இரு ராசா" என்பார் கட்டியிடம். புழுக்கத்துக்குப் பயந்து அந்த அறைப் பக்கம் யாரும் எட்டிப்பார்ப்பதில்லை.

ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் இருபத்தாறு வருடம். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான். கணவர் இறந்து ஒன்பது வருடமாகிறது, மகள் வெளியூரில். மதியச் சாப்பாடு சுவரைப் பார்த்தபடி. "நாலு பேரோட உக்காந்தா நாலு பேர் வீட்டுக் கதையும் கேக்கணும். நம்மகிட்ட திருப்பிச் சொல்ல என்ன இருக்கு?"

நோயாளிகளை அவர் பார்த்ததே கிடையாது. எண்கள்தான் வரும். நல்ல ஈரலுக்குச் சாயம் ஏற்றினால் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பழுப்புக் கோடு தெரியும். செல்லோடு செல்லைப் பிடித்து நிறுத்தும் புரதம் அது. புற்று முற்ற முற்ற அந்தக் கோடு மங்கும். பிடி விட்டவை, சுற்றியிருக்கும் நார்ப் பின்னலை அரித்து வழி பண்ணிக்கொண்டு கிளம்பிவிடும். "கைய விட்டுடுச்சுங்க" என்பார் மெழுகம்மா.

போன வாரம் ஒரு மெழுகுக் கட்டி சீவிச் சீவித் தேய்ந்து அடிக்கு வந்துவிட்டது. புற்று தன்னைச் சுற்றியிருக்கும் நார்ச்சுவரைத் தாண்டியதா என்று பார்க்க இன்னும் ஒரு சீவல் வேண்டும். தவறினால் அந்த நோயாளியை மறுபடி ஊசியால் குத்திச் சதை எடுக்க வேண்டும். சீவினார், ஒன்றே ஒன்று முழுசாக வந்தது. சாயம் ஏறியதும் நுண்ணோக்கியில் பார்த்தார். சுவருக்கு வெளியே, கோடில்லாமல், மூன்று செல்கள்.

இரண்டு நாள் கழித்து, கையில் கோப்போடு ஒரு பெரியவர் வழி தவறி அவர் வாசலில் வந்து நின்றார்.

"ஈரல் டாக்டர் ரூம் எதும்மா? கூட ஒரு ஆளக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. எனக்கு அப்படி யாரும் இல்ல."

கோப்பின் மேலிருந்த எண்ணைப் பார்த்தார் மெழுகம்மா. அந்தக் கடைசிச் சீவலின் எண்.

"ரிசல்ட் எப்படின்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார் பெரியவர்.

"அத டாக்டர்தான் சொல்லணும் ஐயா. நான் மெழுகு வேல பாக்குறவ." கையுறையைக் கழற்றினார். "வாங்க, நானும் வரேன்."

ஈரல் டாக்டர் மெழுகம்மாவை முன்னே பின்னே பார்த்ததில்லை. "நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்றார்.

மெழுகம்மா மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்துப் பெரியவர் பக்கத்தில் நெருக்கிப் போட்டு உட்கார்ந்தார்.