கீழே இருந்த டிஸ்க்

கிடங்குக் குமாஸ்தாவுக்கு ஆபீஸில் 'ஜோடி சார்' என்று பெயர். குடை, டார்ச், மூக்குக்கண்ணாடி என்று எதை வாங்கினாலும் இரண்டாகத்தான் வாங்குவார். ஒன்று கையில், மற்றது பத்திரமாக பீரோவில். பீரோவுக்குள் போனது வெளியே வந்ததாகச் சரித்திரமே இல்லை.

ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். ஒரே கம்பெனி, ஒரே அளவு. ஒன்று வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் போனது. எம்பிராய்டரி மெஷினுக்காக மனைவி வரைந்த டிசைன்கள் எல்லாம் அதில்தான். அந்தப் பூக்களும் கொடிகளும்தான் அவள் பிழைப்பு. "இன்னொண்ணுல ஒரு காப்பி போட்டு வைங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "புதுசு அப்படியே இருக்கட்டும், அவசரத்துக்கு ஆகும்" என்பார் மனிதர்.

அவசரம் வந்தது. கிடங்குக் கம்ப்யூட்டர்களை எல்லாம் வேறு ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாற்றப்போகிறார்களாம். "பழகிக்கிட்டவங்க இருக்கலாம், மத்தவங்க வேற இடம் பாத்துக்கலாம்" என்று மேனேஜர் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போனார். இந்த வயதில் இவருக்கு எவன் இடம் போட்டு வைத்திருக்கிறான்?

ஞாயிற்றுக்கிழமை மனைவி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பீரோ டிஸ்க்கை எடுத்துக் கம்ப்யூட்டரில் இரண்டாவதாக மாட்டினார். பழைய சிஸ்டம் அதுபாட்டுக்கு இருக்கும், புதியதைக் காலி டிஸ்க்கில் போட்டுப் பழகலாம். திட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

எந்த டிஸ்க்கில் போடட்டும் என்று திரை கேட்டது. ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வரிகள், அச்சு அசலாக ஒரே மாதிரி. வேறு யாராவது என்றால் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஜோடி சார் காலமெல்லாம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர். மூத்தவர் பெயர் மேலே, புதிதாகச் சேர்ந்தவர் பெயர் கீழே. இதுகூடவா தெரியாது? கீழே இருந்ததை அமுக்கினார். உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்றது. காலி டிஸ்க்கில் அழிய என்ன இருக்கிறது என்று அதையும் அமுக்கினார்.

புது சிஸ்டம் பளிச்சென்று வந்து நின்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியின் டிசைன்களை ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று தட்டுத்தடுமாறி மற்ற டிஸ்க்கைத் திறந்தார். துடைத்து வைத்ததுபோல் காலி. புது சிஸ்டத்தைப் போட்டது டிசைன்கள் இருந்த டிஸ்க்கின் மேலேயே என்று அப்போதுதான் உறைத்தது.

பையோடு உள்ளே வந்தாள் மனைவி. "அந்த ரோஜாக் கொடி டிசைனையே மறுபடியும் கேக்குறாங்க. கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்."

நடந்ததை அவர் சொன்னார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். பையைக் கீழே வைத்துவிட்டு, மெஷின் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து நூல்கண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டியில் போட்டாள்.

"சரி, அந்தப் புதுசையாவது பழகிட்டீங்களா? உங்க வேலை நிக்குமா?"

அவர் திரையைப் பார்த்தார். எதை அமுக்கினால் அது அணையும் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.